லெட்சுமணன் தட்டும் கதவு

பாரிட் தெங்கா கம்பத்தில், அந்தச் சின்ன மலேசியக் கிராமத்தில், கடல் பெருகும் நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. கதவு சொல்லும். கம்பத்துக் கால்வாய் கடலைத் தொடும் இடத்தில், மண்கரையின் அடியில், ஓர் இரும்புச் சட்டத்தில் அது தொங்குகிறது. பெருக்கு வந்து முட்டியதும் தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தும்போது கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி 'டொம்' என்று ஒரு சத்தம். கூடவே 'கிண்' என்று இன்னொன்று.

அந்த இன்னொன்று லெட்சுமணனுடையது. அவன் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உயிரோடு இருந்த காலத்தில் கதவைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். பெருக்கு நேரத்தில் கரைமேல் போய் நிற்பான். கதவு சாத்தியதும் குனிந்து உள்பக்கம் பார்ப்பான். எங்கும் கசிவில்லை என்று தெரிந்த பிறகு, கையிலிருக்கும் ஸ்பேனரால் இரும்புச் சட்டத்தில் ஒரே ஒரு தட்டு. கதவு சரியாகச் சாத்தியாகிவிட்டது, அவரவர் வேலையைப் பாருங்கள் என்று அதற்குப் பொருள். வீட்டில் அவன் மனைவி பிரேமலா அந்தத் தட்டு கேட்ட பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவன் கரையிலிருந்து நடந்து வீடு சேர்வதற்கும் கல் சூடாவதற்கும் சரியாக இருக்கும்.

அவன் போன பிறகு கதவு வெறும் 'டொம்' என்று மட்டும் சாத்திக்கொண்டிருந்தது. காரியம் முடிந்த மறுநாள் பெருக்கில், 'கிண்' திரும்பி வந்தது.

கம்பம் முதலில் பயந்தது. இரண்டு வீட்டில் வேப்பிலை கட்டினார்கள். பிறகு பயம் மெதுவாக வேறொன்றாக மாறியது. லெட்சுமணன் தட்டிவிட்டான், கதவு பத்திரம் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளக் குழுவின் வாட்சாப்பை நடத்துகிற லூசி, ஒவ்வொரு பெருக்குக்கும் 'தட்டியாச்சு' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படமும் போட ஆரம்பித்தாள். கரைக்குப் போய்க் குனிந்து பார்க்கும் வேலையை அதன் பிறகு யாரும் செய்யவில்லை. செத்தவனே பார்த்துக்கொள்ளும்போது உயிரோடு இருப்பவன் எதற்கு மழையில் நனைய வேண்டும்?

கதவு எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சட்டைப் பையின்மேல் ஒரு மூடி தைத்திருப்பார்களே, மேல்பக்கம் மட்டும் தையல், கீழே விட்டிருக்கும், அதுபோல நினைத்துக்கொள்ளலாம். கதவு மேலே இரண்டு முளைகளில் தொங்குகிறது. கடல் பக்கமாக மட்டுமே திறக்கும். கடல் வற்றும்போது கால்வாய்த் தண்ணீர் உயரத்தில் இருப்பதால், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடும். கடல் ஏறும்போது வெளித்தண்ணீர் கதவைச் சட்டத்தோடு வைத்து அழுத்தும். கடல் எவ்வளவு மூர்க்கமாகத் தள்ளுகிறதோ கதவு அவ்வளவு இறுக்கமாகச் சாத்தும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. உள்ளே வர நினைப்பவனின் பலத்தையே பூட்டாகப் போட்டுவிடுகிற சாமர்த்தியம் அது.

கதவுக்கு உள்பக்கச் சிமெண்டுச் சுவரில் எதிரெதிராக, நீளப் பள்ளங்களாக, இரண்டு காடிகள் இருக்கும். வெயில் காலத்தில் அவற்றில் கனத்த பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குவார்கள். அப்போது கால்வாய்த் தண்ணீர் கடலுக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். மழைக்குக் கதவு, வெயிலுக்குப் பலகை.

வெயிலில் தண்ணீரைத் தேக்குவது அன்னாசிச் செடிக்காக மட்டுமல்ல, மண்ணுக்காகவும்தான். பொந்தியான் பக்கத்துக் கறுப்பு மண் சாதாரண மண் இல்லை. காலங்காலமாகத் தண்ணீரில் ஊறிக் கிடந்ததால் மட்காமல் போன இலையும் வேரும் மரமும்தான் அது. மலாய்க்காரர்கள் காம்புட் என்பார்கள். ஈரமாக இருக்கும்வரை அது மண். காய்ந்தால் விறகு. தீப்பிடித்தால் மேலே சுவாலை தெரியாது. செடிகளுக்கு அடியில் யாரோ நடந்து போவது மாதிரி கனன்றுகொண்டே போய், சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் புகையாக எழும்.

அதோடு, வடியவிட்டால் அந்த மண் சுருங்கும். தரை இறங்கும். வீடுகள் இறங்காது, ஏனென்றால் அவற்றின் தூண்கள் ஆழத்திலிருக்கும் களிமண்வரை போகின்றன. அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை வாசலுக்குக் கீழே புதிதாக ஒரு படி கட்ட வேண்டியிருக்கும். பிரேமலா கல்யாணமாகி வந்தபோது தரையிலிருந்து நேராக வலது காலை எடுத்து வீட்டுக்குள் வைத்தாள். இப்போது படியேறிப் போகிறாள். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. பூமிதான் கொஞ்சம் கொஞ்சமாக அதைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது. தோட்ட நிர்வாகம் கட்டிவைத்துவிட்டுப் போன காலத்தில் அந்தக் கதவு ஒரு வசதி. இன்றைக்குப் பெரிய பெருக்கு வந்தால் கடல் கம்பத்துத் தரையைவிட உயரத்தில் நிற்கிறது. நடுவில் இருப்பது மண்கரையும் ஒரு கதவும்.

போன வருஷக் கடைசியில் விடாமல் மழை பிடித்தது. உள்ளே மழைத்தண்ணீர், வெளியே பெருக்கு, நடுவில் சாத்திய கதவு. கடல் வற்றத் தொடங்கினால் உள்ளே தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் பாயும். அந்த நேரம் பார்த்து ஒரு செம்பனைத் தண்டு மிதந்து வந்து கதவின் வாயில் குறுக்கே மாட்டியது. தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் ஏற ஆரம்பித்தது. லெட்சுமணன் கழியோடு உள்பக்கமாக இறங்கினான். தண்டு விடுபட்டது. தண்டும் அவனும் சேர்ந்தே கதவைத் தாண்டிப் போனார்கள். பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களின் வேர்களுக்கு நடுவே அவனைக் கண்டெடுத்தபோது இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனர் இல்லை. பிறகும் கிடைக்கவில்லை. அவன் அதைக் கையோடு கொண்டுபோய்விட்டான் என்று கம்பத்தில் சொன்னார்கள்.

காரியத்தைக் கதவருகே செய்வது என்று முடிவானது. கதவின் சிமெண்டுச் சுவரில் லெட்சுமணனே சிவப்பு எழுத்தில் எழுதி வைத்த ஓர் அறிவிப்பு உண்டு: 'பூசை சாமான்களைக் கதவுக்கு வெளியே மட்டும் விடவும். தேங்காய்க்குக் கண் உண்டு, கதவுக்கு இல்லை.' மாலை, தேங்காய், கரகம் எதுவானாலும் கடலுக்குப் போக வேண்டியதைக் கடல் பக்கத்தில்தான் விட வேண்டும், உள்ளே விட்டால் கதவில் மாட்டும் என்று அவன் எல்லாரிடமும் சண்டை போட்டிருக்கிறான். ஆனால் அன்றைக்கு அவனுடைய அண்ணன் தங்கராஜு, "தம்பி உள்ளதான் எறங்கினான். உள்ளருந்துதான் அவன அனுப்பணும்" என்றார். எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. பிரேமலாவின் கழுத்திலிருந்து எடுத்த மஞ்சள் கயிற்றைப் பித்தளைச் செம்பில் பாலோடு போட்டு, துணியால் வாயைக் கட்டி, அவள் கையிலேயே கொடுத்தார்கள். அவள் உள்பக்கத் தண்ணீரில் அதை விட்டாள். கறுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

மறுநாள் 'கிண்' வந்தது. பிரேமலா தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். சத்தம் கேட்டதும் கல் ஏறும். சூடாகும். ஒரு தோசை வார்த்து அவன் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். படியில் காலடி கேட்காது. தோசை ஆறிப்போன பிறகு அவளே சாப்பிடுவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. அழுதுகொண்டு செய்ததும் இல்லை. வேலைக்குப் போகிற ஆள் சாப்பாட்டுக்கு வரக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான் என்பது மாதிரிச் செய்தாள்.

வெயில் காலம் வந்தது. பலகைகளை இறக்கினார்கள். இருந்தும் கால்வாய் ஓரமாக இருந்த அன்னாசி வரிசைகளில் இலை நுனி கருகத் தொடங்கியது. வறட்சி என்றார் தங்கராஜு. அவருடைய தோட்டம் அது, அவர் சொன்னால் சரிதான். பிறகு ஒருநாள் பிரேமலா தன் வீட்டுப் பின்பக்கக் கால்வாயில் ஒரு பெலாச்சாக்கைப் பார்த்தாள். சேற்றில் துடுப்பை ஊன்றி நடந்து, தலைக்குமேல் முழிக்கிற கண்ணோடு ஆளைப் பார்க்கும் மீன். உப்புத் தண்ணீரில் வாழ்வது. அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் அதற்கு இங்கே என்ன வேலை?

மழை பிடித்தால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும் என்றார்கள். மழை பிடித்தது. கால்வாய் நிறைந்தது. பலகைகளையும் எடுத்துவிட்டார்கள். பிரேமலா ஒரு பெருக்கு முடிந்த கையோடு விரலை முக்கி நாக்கில் வைத்தாள். கரித்தது.

அடுத்த பெருக்குக்கு அவள் அடுக்களையில் நிற்கவில்லை. பின்வாசலில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். அத்தனை நாளும் எல்லாருக்கும் இரண்டு சத்தம் கேட்டது. இரண்டு சத்தம் கேட்டால் போதும் என்று இருந்துவிட்டார்கள். அவளும்தான். இப்போது வரிசை தெரிந்தது.

கிண். டொம்.

லெட்சுமணன் ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. கதவு சாத்தும், அவன் குனிந்து பார்ப்பான், பிறகு தட்டுவான். டொம், ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் கிண். இது தலைகீழ். கதவின் அடியில் ஒரு மூலையில் ஏதோ மாட்டியிருக்கிறது. கதவு முதலில் அதில் மோதுகிறது. பிறகு முளையில் திருகிக்கொண்டு, மறு மூலை சட்டத்தில் அடிக்கிறது. அவள் மனம் இதை ஒரு நொடியில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. ஊர் எந்தச் சத்தத்தைக் கேட்டுக் கதவு பத்திரம் என்று திரும்பிப் படுத்ததோ, அந்தச் சத்தத்துக்குக் கதவு சாத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

தெரிந்த பிறகும் அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் தோசை வார்த்தாள். சொன்னால் எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் கதவு ஒழுங்காகச் சாத்தும். அப்புறம் வெறும் டொம். அடுத்த பெருக்கு வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

லூசிதான் அதை முடித்துவைத்தாள். செனாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள், கம்பத்திலேயே தாழ்ந்த வீடு அவளுடையது, அதில் படுத்த படுக்கையாக அவள் அப்பா மரியநாதன். ஒருநாள் காலை அவள் பிரேமலாவின் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் பாசாங் பெசார், அக்கா. இந்த வருஷத்துலயே பெரிய பெருக்காம். கனத்த மழையும் சேர்ந்து வருதுன்னு எச்சரிக்கை போட்டுருக்கான்."

"அப்பாவ உங்கண்ணன் வீட்டுக்கு மாத்தலயா?"

"மாத்தலாம்னுதான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன், நம்ம லெட்சு அண்ணன்தான் தவறாம தட்டுறாரே, கதவு நல்லாத்தான் இருக்கு, கெழவன எதுக்கு மழையில தூக்கிட்டு அலையணும்னு விட்டுட்டேன். இப்ப எங்கண்ணனும் வேலைக்குப் போயிட்டான், வண்டியும் இல்ல."

பிரேமலா எழுந்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, கரைக்குப் போவோம்" என்றாள்.

மத்தியானப் பெருக்கு ஏறிக்கொண்டிருந்தது. தங்கராஜு ஏற்கெனவே அங்கே இருந்தார். பெரிய பெருக்குக்கு முந்தின நாள் தம்பிக்கு ஒரு சூடம் காட்டி, ஒரு சுருட்டையும் பற்றவைத்துச் சுவர்மேல் வைத்துவிடுவது அவர் வழக்கம். அவர் சூடத்தை ஏற்றும்போதே கதவு சத்தம் போட்டது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"அத்தான், கதவு சரியாச் சாத்தல" என்றாள் பிரேமலா.

"தட்டினது கேக்கலயா ஒனக்கு?"

"கேட்டுச்சு. அவரு சாத்தினதுக்கு அப்புறம்தான் தட்டுவாரு. இது சாத்தறதுக்கு முந்தியே தட்டுது."

"செத்தவனுக்கு முன்னப் பின்ன தெரியுமா பிரேமா?"

"எங்கப்பாவுக்கு உயிரோட இருக்கறப்பவே தெரியல" என்றாள் லூசி. யாரும் சிரிக்கவில்லை.

பிரேமலா அவரைக் கரை விளிம்புக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். உள்பக்கத்தில், சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து தண்ணீர் நாக்கை நீட்டுவதுபோல வந்துகொண்டிருந்தது. மேலே, அதற்கு நேரான முளை வளைந்திருந்தது.

"சின்னப் பெருக்குன்னா கசியறதோட போயிரும். நாளைக்கு மொத்தக் கடலும் ஒரு மூலையில முட்டுக்கொடுத்து நிக்கற கதவத் தள்ளும். பூட்டின வண்டிச் சக்கரத்துல கடப்பாரைய விட்டுத் திருகற மாதிரி. முளை பிய்ஞ்சிரும். அப்புறம் நமக்குக் கதவே இருக்காது."

தங்கராஜு குனிந்து அந்த நாக்கைப் பார்த்தார். "மாட்டியிருக்கறது அவன் ஸ்பேனரா இருந்தா?"

"இருக்கலாம்."

"அப்ப அவன் அங்கதான் அதப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்னு அர்த்தம். அதப் போயிப் புடுங்கணுங்கற. புடுங்கிட்டா அப்புறம் எதக் கேட்டுட்டு நாம இங்க இருக்கறது?"

தனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. "எனக்கு மட்டும் ஆசையா அத்தான்?" என்றாள்.

அவர் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"நெஜமாத்தான் சொல்றீங்களாக்கா?" என்றாள் லூசி.

"நெஜந்தான்."

"அப்ப இத்தன மாசமா நான் கட்டைவிரல் போட்டதெல்லாம்?"

"தொறந்து கெடந்த கதவுக்கு."

"அலமாக்." லூசி சுவரில் சாய்ந்துகொண்டாள். "நாளைக்கு எம்.சி. லீவு போட்டுட்டு வர்றேன். என்ன வியாதின்னு டாக்டர் கேட்டா என்ன சொல்ல?"

"கதவு வலின்னு சொல்லு."

விடியும்போது கடல் வற்றியிருந்தது. வானம் அடுப்புக்கரி நிறத்தில் இறங்கி நின்றது. வற்றும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்கிறது, அந்தப் பாய்ச்சலில் கை வைக்கக் கூடாது. லெட்சுமணன் அதில்தான் போனான். முதலில் பலகைகளை இறக்கித் தண்ணீரை நிறுத்த வேண்டும். பாய்ச்சல் நின்றால் கதவு உயிரில்லாமல் தொங்கும், அப்போது வெளிப்பக்கமாக இறங்கி அடியில் கை விடலாம். போன வருஷம் வெள்ளத்துக்கு நடுவில் அவனுக்குப் பலகை இறக்க நேரமும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை.

பலகைகள் ஊறிக் கனத்திருந்தன. ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து இறக்கினார்கள். மேல்பலகை காடியில் சிக்கிக்கொண்டு கோணலாக நின்றது. எவ்வளவு மிதித்தும் அசையவில்லை. லூசி தொழிற்சாலை மேனேஜரைத் திட்டும் வார்த்தைகளை அதன்மேல் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். அப்போது கரைமேல் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தங்கராஜு யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, சம்மட்டியால் ஓங்கி அடித்தார். பலகை இறங்கியது. தண்ணீரின் இரைச்சல் சட்டென்று நின்றது. அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவர்கள் யாரும் கேட்டதில்லை.

"கயிறு கட்டாம எறங்கப் பாக்கறியே, ஒனக்கு அறிவிருக்கா?" என்று சொல்லி, அவரே அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

அவள் கடல் பக்கச் சேற்றில் தொடைவரை இறங்கினாள். மேலே இருவரும் கடப்பாரையால் கதவை நெம்பித் தூக்கிப் பிடித்தார்கள். அவள் குனிந்து கறுப்புத் தண்ணீரில் தோள்வரை கையை விட்டாள். சிமெண்டு விளிம்பு. சிப்பி ஒட்டிய சட்டம். மூலை. அங்கே ஈரத் துணி விரலில் பட்டது. ஸ்பேனர்தான் என்று நினைத்திருந்த கை தயங்கியது. துணிக்குள் உருண்டையாக ஏதோ. இழுத்தாள். அசையவில்லை. விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கையை வைத்தாள். இந்த முறை அது வந்துவிட்டது. தான் பிடுங்கியதாக அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளிருந்து நீட்டியதை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவளுடைய செம்பு. ஒவ்வொரு பெருக்குக்கும் கதவு மோதி மோதி ஒரு பக்கம் தட்டையாகி, வாய் உதடு மடித்தாற்போல ஒட்டிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் சிறுசிறு சிப்பிகள். மடிந்த வாயின் ஓரத்தில் கறுத்துப்போன ஒரு கயிற்று நுனி தெரிந்தது. கதவுக்கு உள்பக்கம் விட்ட செம்பு, கடல் வற்றிய நேரத்தில் கால்வாயின் அடியில் உருண்டு வந்து கதவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அத்தனை நாளும் ஊரைத் தூங்கவைத்த சத்தம் இதுதான்.

லூசி சிலுவை போட்டுக்கொண்டாள். தங்கராஜு சுவரிலிருந்த சிவப்பு எழுத்துகளை முதன்முறையாகப் பார்ப்பவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார்.

"விட்டது என் கைதான் அத்தான்" என்றாள் பிரேமலா.

அவள் இன்னும் கொஞ்சம் சேற்றில் நடந்து, ஓடை கடலோடு சேரும் இடத்தில், கதவுக்கு நன்றாக வெளியே, அதை விட்டாள். அது மிதக்கவில்லை. தண்ணீருக்கடியில் ஒரு மஞ்சள் மினுக்கு போய்க்கொண்டே இருந்து மறைந்தது.

பலகைகளை மறுபடி மேலே தூக்கினார்கள். கால்வாயை இப்போதே காலியாக்கினால்தான் வரப்போகும் மழைக்கு உள்ளே இடம் இருக்கும். வெள்ளம் வரும் முன்பே அதற்குப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற வேலை அது. தண்ணீர் கதவைத் தள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடியது. மழை தொடங்கியது. தங்கராஜு மரியநாதனின் கட்டிலை உயர்த்திக் கொடுப்பதற்காக லூசியோடு போனார். "கதவு சாத்தறதப் பாத்துட்டு வர்றேன்" என்று பிரேமலா கரையிலேயே தங்கிவிட்டாள்.

மத்தியானம் கடல் வந்தது. அலையாக வரவில்லை, ஆள் எழுந்து நிற்பதுபோல வந்தது. பாக்காவ் வேர்கள் முழுகின. தண்ணீர் கதவைத் தொட்டு, தொங்கிய இரும்பை மெல்லத் திருப்பி, சட்டத்தில் அறைந்தது.

டொம்.

அவள் லெட்சுமணன் குனிவது மாதிரிக் குனிந்து பார்த்தாள். மூலையில் நாக்கு இல்லை. வளைந்த முளை முனகியது, ஆனால் நின்றது. வெளியே கடல், தங்கராஜுவின் தோட்டத்தைவிட, லூசியின் வீட்டுத் தரையைவிட உயரத்தில் ஏறி நின்று கதவை அழுத்தியது. உள்ளே கால்வாயில் மழைப் புள்ளிகள் மட்டும்.

அவள் காத்திருந்தாள். கேட்காது என்று தெரிந்தே காத்திருந்தாள். மழையின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

மடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. வெள்ளக் குழுவில் லூசி எழுதியிருந்தாள்: 'தட்டியாச்சு.' பக்கத்தில் கட்டைவிரல்.

பிரேமலா அவளைக் கூப்பிட்டாள். "பழக்கத்துல போட்டுட்டியா?"

"இல்லக்கா. கேட்டுத்தான் போட்டேன். நீங்கதானே தட்டினீங்க?"

பிரேமலா தன் கைகளைப் பார்த்தாள். சேறு மட்டும் இருந்தது. கடப்பாரையைக்கூடத் தங்கராஜு எடுத்துப் போயிருந்தார். "எது மொதல்ல கேட்டுச்சு லூசி?"

"டொம். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, கிண். எங்கப்பாகூடக் கண்ணத் தொறந்து, 'லெட்சுமணனா'ன்னு கேட்டாரு. ஏங்க்கா, நீங்க தட்டலயா?"

மழை சட்டத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்தச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. அவன் தட்டியதெல்லாம் கதவருகே நிற்பவனுக்காக இருந்ததே இல்லை. அவனுக்கு எதற்கு அது? அவன்தான் கண்ணால் பார்த்துவிட்டானே. தட்டு எப்போதும் வீட்டில் இருப்பவர்களுக்கு.

"கதவு பத்திரம்" என்றாள் பிரேமலா. "அத்தானக் கூப்பிடு."

கைப்பேசியைத் தங்கராஜு வாங்கினார். "கேட்டுச்சும்மா."

"வத்தும்போது கதவு தொறக்கறதையும் பாக்கணும் அத்தான், எதுவும் வந்து மாட்டக்கூடாது. அதுவரைக்கும் நான் இருக்கேன். இனிமே யாராவது ஒரு ஆளு எப்பவும் இங்க நிக்கணும். மொற வச்சுக்குவோம்."

"வச்சுக்குவோம். அடுத்த பெருக்குக்கு யாரு?"

"நீங்க நில்லுங்க" என்றாள். "அடுத்த பெருக்குக்கு நான் வீட்டுல இருக்கேன்."

கைப்பேசியை மறுபடி பையில் சுற்றினாள். சட்டத்திலிருந்து கையை எடுக்காமலே, வீட்டில் தோசை மாவு எவ்வளவு மீதி இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினாள்.